ஊருக்குப் போகிறவர்களின் பட்டியல்

நான் வேலை செய்கிற மீன் தொழிற்சாலையின் கென்டீனில், கேத்தலுக்கு மேலேயுள்ள பலகையில், ஆலங்குடாக் கடற்கரையின் படமொன்று நான்கு ஊசிகளால் குத்தப்பட்டிருக்கிறது. நான் இருப்பது ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஒரு சிறிய துறைமுக நகரம். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு கடல். உள்ளே, கேத்தலின் ஆவி பட்டு ஓரம் சுருண்டுபோன படத்தில், எங்கள் புத்தளத்துக் கடல் நீலமாக இருக்கிறது. படத்தில் பத்துப் பதினைந்து காற்றாடிகள் வானத்தில் நிற்க, அவற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் அலைமேல் வழுக்கி ஓடுகிறார்கள். மூலையில் ஒரு ஃபைபர் படகு, அதன் பக்கத்தில் தமிழில் எழுதிய பெயரில் பாதி தெரிகிறது. இந்தக் கட்டடத்தில் அந்தப் பாதிப் பெயரை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதல் நாள் அதைக் கண்டபோது தேநீர்க் கோப்பையைக் கழுவும் தொட்டியிலேயே போட்டுவிட்டு நின்றேன்.

படத்தைக் குத்தியவள் டொரீன். எங்கள் லைனுக்குச் சுப்பர்வைசர், ஐம்பது தாண்டியவள், நல்ல மனுஷி. அவளுடைய மகனுக்குக் காற்றாடியில் தொங்குவதுதான் பொழுதுபோக்கு. அவனோடு போய் ஆலங்குடாவில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்தவள், நான் அந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் சொந்தக்காரியைக் கண்டதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், ஆலங்குடாவில் என்னைவிட அதிக நாள் இருந்தவள் அவள்தான். நான் பிறந்தது, கடல் உள்ளே புகுந்து தேங்கிய களப்புக்கு இந்தப் பக்கம், கரைத்தீவில். ஆலங்குடாவுக்குப் போவதென்றால் புத்தளம் வந்து களப்பையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு கலியாணத்துக்கும் ஒரு ஜனாஸாவுக்குமாக இரண்டே தடவைதான் போயிருக்கிறேன். இதை டொரீனுக்கு விளக்கப் பார்த்தேன். "ஆனால் அதே கடல்தானே?" என்றாள். ஓம் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் தேநீர் ஊற்றும்போது படத்தைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்பாள். "இவ்வளவு அழகான இடத்தை விட்டு இந்தக் குளிருக்கு ஏன் வந்தாய்? யுத்தமும் முடிந்துவிட்டதே, எப்போது திரும்பிப் போகப்போகிறாய்?" நானும் ஒவ்வொரு காலையும் ஒரே பதிலைச் சொல்வேன். "இன்ஷா அல்லாஹ், ஒரு நாள்." ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பதிலின் எடை தெரியும். கலியாணத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் சொல்வது, கதையை முடித்துக்கொண்டு எழும்பச் சொல்வது, மறுக்க மனமில்லாமல் சொல்வது. அந்த 'ஒரு நாள்' என் வேலையைப் பறிக்கப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுதினால் நிஹாறா என்ற பெண்ணைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இத்தனை காலம் எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு அவள்தான் காரணம்.

எங்கள் வேலை சொல்லும்படி பெரிதில்லை. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் மீன் துண்டுகளைப் பரப்பி, இயந்திரம் விட்டுவைத்த முள்ளைச் சிறிய இடுக்கியால் பிடுங்க வேண்டும். கை விறைக்கும், கால் விறைக்கும். ஒரேயொரு சௌகரியம், தலைமுடியை மூடுவது இங்கே எல்லாருக்கும் கட்டாயம். நீல வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றால் டொரீனும் நானும் ஒரே மாதிரித்தான். தொப்பியைக் கழற்றிக் கென்டீனுக்குள் நுழைந்த பிறகுதான் நான் முக்காட்டுக்காரி. மீன்பிடிப் படகில் வேலைக்கென்று இந்த நாட்டுக்கு வந்த என் வீட்டுக்காரரின் முதுகு மூன்று வருடத்தில் போய்விட்டது. இப்போது எங்கள் இரண்டு மகள்மாரின் படிப்பும், வீட்டு வாடகையும், நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான கடதாசியும் என் வேலை ஒன்றில்தான் தொங்குகின்றன.

சென்ற பனிக்காலத்தில் ஒரு லைனை மூடப்போவதாகக் கதை வந்தது. அதன் பிறகு கென்டீனின் காற்றே மாறிவிட்டது. நான் கதவைத் திறந்தால் கதை நிற்கும். கதிரை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் பக்கத்து மேசையிலிருந்த ஒருத்தி, என்னைப் பார்க்காமல், என் காதில் விழவேண்டும் என்ற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்: "போவதற்கு இடம் உள்ளவர்கள் முதலில் போகட்டுமே." ஒருவரும் ஆமாம் போடவில்லை. ஒருவரும் மறுக்கவுமில்லை. டொரீன் தன் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்த வசனத்தை நான் முன்பே கேட்டிருந்தேன், அதுவும் தமிழில். கேட்டுவிட்டுத் தலையும் ஆட்டியிருந்தேன்.

கரைத்தீவில், களப்போரமாக, ஒரு ஹாஜியாருக்குச் சொந்தமான நண்டு வாடி இருந்தது. படகில் வரும் நீலக்கால் நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையைச் சிதையாமல் எடுத்து ஐஸில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். உடைக்கிறவர்கள் எல்லாரும் பெண்கள், முப்பது பேரளவில். நான் அங்கே பொறுப்புக்காரி. இரண்டு நீள மேசைகள். ஒன்று வாசல் பக்கம், களப்புக் காற்று வருகிற இடம், அதற்கு ஒரு பெயரும் இல்லை. மற்றது அவிக்கிற அண்டாக்களின் பக்கம், ஆவியும் வேர்வையுமான இடம். அதற்கு 'அகதி மேசை' என்று பெயர். தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கையில் கிடைத்ததோடு எங்கள் கரைக்கு வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் அதில் இருந்தார்கள். எங்களைப் போலவே தொழுதார்கள், எங்களைப் போலவே நோன்பு பிடித்தார்கள். இருபது வருடமாகியும் அகதிதான். அவர்களின் பிள்ளைகள் எங்கள் மண்ணில் பிறந்தவர்கள், அவர்களும் அகதிதான். அந்த மேசையை அங்கே போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. நான் பொறுப்பெடுத்தபோது அது அங்கே இருந்தது, நான் நகர்த்தவில்லை.

நிஹாறா அந்த மேசையில் இருந்தாள். மூன்று வயதில் உம்மாவின் இடுப்பில் மன்னாரிலிருந்து வந்தவள், எனக்கு ஏழெட்டு வயது இளையவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் கை வேகம் எங்களில் ஒருவருக்கும் வராது. நண்டின் நெஞ்சுக்கூட்டிலிருந்து சதையை ஒரு பொட்டு ஓடில்லாமல் முழுசாக எடுத்துவிடுவாள். ஹாஜியார் ஒரு தடவை எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு சரியாகத் தின்னவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நோன்பு காலத்தில் ஹாஜியார் ஒரு நாள் வாடி முற்றத்தில் எங்கள் எல்லாருக்கும் நோன்பு திறக்கக் கொடுப்பார். கஞ்சி, ஈத்தம்பழம், மஃரிப் தொழுத பிறகு சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றிவர ஐந்து பேர் இருந்து, ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கமாகக் கை வைத்துச் சாப்பிடுவதுதான் சஹன். யார் யாரோடு இருப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் மேசைக் கணக்கிலேயே சஹனும் அமைந்துவிடும். யுத்தம் முடிந்து இரண்டாவது நோன்பென்று நினைவு. நிஹாறாவின் சஹனில் நாலு பேர்தான். அவள் நிமிர்ந்து பார்த்து, தன் பக்கத்திலிருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "ராத்தா, இங்க ஒரு இடம் இருக்கு, வாங்கோ." அக்காவை ராத்தா என்பது எங்கள் எல்லாருக்கும் பொது, ஆனால் அவள் பேச்சில் அந்த 'வாங்கோ' எப்போதும் வடக்கின் வாசத்தோடுதான் வரும். நான் கேட்காததுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய், எங்கள் ஆட்களின் சஹனில் ஆறாவது ஆளாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு இடம் விடுவதற்காக ஒருத்தி பாதித் தொடையில் இருந்து சாப்பிட்டாள். இந்தப் பக்கம் ஆறு பேர் முட்டி மோதிக்கொண்டிருக்க, நிஹாறாவின் தட்டில் ஒரு பக்கத்துச் சோறு தொடப்படாமல் இருந்தது.

அப்படியிருந்தும் நிஹாறா என்னை நம்பினாள், அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத சங்கதி. பெருநாளுக்குப் பிறகு ஒரு பின்னேரம், கிணற்றடியில் நண்டு நாற்றம் போக இரண்டு பேரும் தேசிக்காய் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தோம். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ராத்தா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்கோ. எங்கட பேர மன்னாரில மீள்குடியேற்றத்துக்குப் பதிஞ்சிட்டம். பதியாட்டி வீடு கிடைக்காதாம்."

"அப்ப போகப்போறீங்களா?"

"எங்க போற? அங்க எனக்கு ஆரத் தெரியும்? உம்மாட ஆசைக்குப் பதிஞ்சது. புள்ளையள் ரெண்டும் இங்கதானே படிக்குதுகள். ஹாஜியாருக்கு மட்டும் தெரியவேணாம்."

"நான் ஏன் சொல்றன்" என்றேன். அந்த நேரம் அதை மனசாரத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் நண்டு குறைந்தது. ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, ஆட்களைக் குறைத்து ஒரே மேசையாக்க வேண்டும் என்றார். "யுத்தம் முடிஞ்சி புள்ள. அவங்கட ஊரு அவங்களுக்கு இரிக்கி, போகட்டுமே. நம்மட ஆக்களுக்கு இத விட்டா வேற எங்க இரிக்கி? ஊருக்குப் போறவங்க ஆரு ஆரெண்டு ஒரு லிஸ்ட் எழுதித் தா." நான் தலையாட்டினேன். ஒரே மேசையென்றால் என் பொறுப்பு கெட்டிக்காரக் கைக்குப் போகலாம். கெட்டிக்காரக் கை யாருடையது என்பது ஹாஜியாருக்குத் தெரியும். அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, முதல் பெயராக நிஹாறாவின் பெயரை எழுதினேன். "இவ போறாவா? சொல்லல்லயே" என்றார். "பேரு பதிஞ்சிட்டாங்க ஹாஜியார்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பல வருடம் இதைச் சொல்லித்தான் என்னை நான் சமாளித்தேன்.

இங்கே, மீன் தொழிற்சாலையில், என்னைக் கூப்பிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மனேஜர் கிறேக் இளம் ஆள், முகம் எப்போதும் சிவந்திருக்கும், நேரே கண்ணைப் பார்க்க மாட்டார். அவர் முன்னால் ஒரு தாள் இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் என் பெயர் எனக்குத் தெரிந்தது. மேலிருந்து முதலாவது.

"நீங்கள் நாட்டுக்குத் திரும்பப்போவதாக அறிகிறேன். நல்ல விஷயம். எப்போது என்று தெரிந்தால் எங்களுக்கு வசதி" என்றார்.

"யார் சொன்னது?"

"நீங்களே சொல்கிறீர்களாமே. தினமும்."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் கென்டீன் தேநீர் நினைவுக்கு வந்தது. டொரீன் துரோகம் செய்யவில்லை. கேட்டார்கள், தான் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"நான் இன்ஷா அல்லாஹ் என்றுதான் சொன்னேன்" என்றேன். அதன் பொருளைக் கேட்டார். இறைவன் நாடினால் என்று விளக்கினேன். அவர் பேனையால் தாளைத் தட்டினார்.

"அப்படியென்றால், போவதாகத்தானே?"

"அது என் கையில் இல்லை என்று பொருள்."

"உங்கள் கையில் இல்லையா? அப்போது யார் முடிவெடுக்கிறார்கள்? உங்கள் கணவரா?"

சிரிக்க வேண்டிய இடம்தான். ஊரில் சொன்னால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அந்த அறையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தியிடம் 'நீ ஊருக்குப் போக மாட்டாயா?' என்று கேட்டால் 'மாட்டேன்' என்று அவள் எப்படிச் சொல்வாள்? என் உம்மாவும் வாப்பாவும் கரைத்தீவுப் பள்ளிவாசல் மையவாடியில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கியிருக்கிறார்கள். இந்த மனிதருக்கோ ஒரு சொல் வேண்டும், தாளில் எழுதக்கூடிய ஒரு சொல்.

அப்போது நிஹாறா சொன்னது அப்படியே என் காதில் கேட்டது. பட்டியல் வாசித்த அன்று அவள் மட்டும்தான் ஹாஜியாரின் முன்னால் வந்து நின்றாள். மற்றவர்கள் கத்தியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "ஹாஜியார், நான் போகமாட்டன். இதுதான் எண்ட ஊர். எனக்கு வேற ஊர் தெரியாது" என்றாள். சத்தம் உயர்த்தவில்லை. ஹாஜியார், "பேரு பதிஞ்சிரிக்கிற தானே புள்ள, அப்ப எப்படி?" என்று கேட்டார். அவள் உடனே என் பக்கம் திரும்பினாள். நான் பக்கத்தில்தான், ஐஸ் பெட்டியின் மூடியில் கை வைத்தபடி நின்றேன். 'அவ போகமாட்டா ஹாஜியார், வீட்டுக்காகப் பதிஞ்சது' என்று ஒரு வசனம் சொன்னால் போதும். என் வாய்க்குள் அந்த வசனம் முழுசாக இருந்தது. நான் பெட்டியைத் திறந்து, ஐஸ் கரைந்துவிட்டதா என்று பார்த்தேன். அவள் தன் சின்னக் கத்தியைக் கழுவி, துணியில் சுற்றி, எனக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் போக மாட்டேன்" என்று கிறேக்கிடம் சொன்னேன். "எனக்கு இதுதான் இடம்." ஆங்கிலத்தில் அது நாலைந்து சிறிய சொற்கள்தான். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் மேசையிலிருந்த கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். வேலை போய்விடுமென்று அழுகிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினார். அதை என்னால் தலைகீழாக வாசிக்க முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பட்டியல் வந்தது. மூன்று பேர் போனார்கள், நான் அதில் இல்லை. டொரீன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ எங்களோடு இருக்கிறாயே, அதுவே போதும்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருக்கிறது, ஆனால் அந்தக் கோபத்தைத் தூக்கி எங்கே வைத்தாலும் அது உருண்டு என் காலடிக்கே வருகிறது. மறுநாள் காலையும் படம் அதே இடத்தில் இருந்தது. டொரீன் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. என்னிடம் இனிமேல் இந்தக் கட்டடத்தில் ஒருவருமே ஊரைப் பற்றிக் கேட்கப்போவதில்லை என்று தோன்றியது.

கரைத்தீவிலிருக்கும் என் தங்கச்சியிடம் நிஹாறாவின் நம்பரைக் கேட்டேன். "அந்த அகதிப் பொம்புளையா?" என்றாள் தங்கச்சி, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். நான்கு நாள் நம்பரை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் காலைத் தேநீர் நேரத்தில், சப்பாத்துக் கழுவும் இடத்துக்கும் கென்டீனுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நடையில் நின்று அவளுக்குக் கோல் எடுத்தேன். ஊரில் அப்போது பின்னேரம், அஸர்த் தொழுகைக்குச் சற்று முந்திய நேரம். பின்னால் சேவல் கூவியது, யாரோ விறகு பிளந்தார்கள். என் குரலை அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

"ராத்தாவா? சுகமா இருக்கிறீங்களா?"

சுகம் விசாரித்தோம். அவள் பிள்ளைகள் பெரிதாகிவிட்டார்கள். மன்னாரில் வீடு கிடைத்ததாம், பூட்டித்தான் கிடக்கிறதாம். "போனா அங்கயுள்ளவங்க எங்கள புத்தளத்தாக்கள் எண்டுறாங்க ராத்தா. இங்க அகதி, அங்க புத்தளம்" என்று சிரித்தாள். ஹாஜியாரின் வாடி மூடிப் பல காலமாம். அவள் இப்போது இறால் பண்ணையொன்றில் வேலை செய்கிறாளாம்.

நான் தயார்செய்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டேன். "நிஹாறா, அண்டைக்கு ஹாஜியார்கிட்ட சொன்னது நாந்தான். நீங்க பேரு பதிஞ்ச கதைய. எனக்கு மாப்புத் தரணும்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் விறகு பிளக்கிற ஆளைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள்.

"தெரியும் ராத்தா" என்றாள். "உங்கள்ட்ட மட்டுந்தானே நான் சொன்னது."

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரியாது என்ற ஆறுதலைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. அன்று அவள் என் பக்கம் திரும்பியது சொன்னது யாரென்று தேடுவதற்காக இல்லை. நான் வாயைத் திறப்பேனா என்று பார்க்கத்தான்.

"அதுகள விடுங்கோ" என்றாள். மாப்புத் தந்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. பிறகு, ஊரில் யாரும் வெளிநாட்டில் இருக்கிறவளிடம் கேட்பதைப்போல, எந்த உள்நோக்கமும் இல்லாமல் கேட்டாள்.

"எப்ப ராத்தா ஊருக்கு வாறீங்க?"

கென்டீன் கதவு பாதி திறந்திருந்தது. கேத்தல் கொதித்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஷா அல்லாஹ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன்னால், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.